ஆன்டிகனியா, கண்ணகியா, ஜூலியட்டா: சனிக்கிழமை வகுப்புக்கு எந்த நாடகம்?

வருகிற ஆடியில் சனிக்கிழமை வாசிப்பு மறுபடியும் தொடங்குகிறது. காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிற ஊர். தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பூட்டாத ஒரு வீட்டின் முகப்பை, அதைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி எங்களுக்கு விட்டுக் கொடுத்திருக்கிறார். பிளஸ் ஒன் பிள்ளைகள் 15லிருந்து 20 பேர் வருவார்கள். பத்து வாரம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஒரு துன்பியல் நாடகம். படிக்க வேண்டும், படித்ததைப் பற்றிப் பேச வேண்டும். மார்க் கிடையாது.

எந்த நாடகம் என்பதில்தான் வருடா வருடம் மண்டை காய்கிறது. இதே வேலையில் இறங்க நினைக்கும் ஆசிரியர்கள் சிலரும் கேட்டார்கள். அதனால் என் முன்னால் இருந்த ஐந்து நாடகங்களையும், எதை ஏன் எடுத்தேன், எதை ஏன் தள்ளி வைத்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன். எது உயர்ந்தது என்ற பேச்சுக்கே நான் போகவில்லை. எல்லாம் உயர்ந்ததுதான். என் கேள்வி சின்னது. எதைப் படித்தால் வகுப்பு இரண்டாகப் பிரியும்? பிரிந்தது அடுத்த சனிக்கிழமை வரைக்கும் ஒட்டாமல் இருக்குமா?

முதலில் எல்லோர் வாயிலும் வருவது ரோமியோ ஜூலியட். பெயர் தெரியாத பிள்ளை கிடையாது. ஷேக்ஸ்பியர் 1590களின் நடுவில் எழுதியது. சந்திப்பு, கல்யாணம், கொலை, நாடுகடத்தல், சாவு எல்லாமே ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கி வியாழக்கிழமை விடியலுக்குள் நடந்து முடிகிறது. ஜூலியட்டுக்கு 14 வயது நிறைய இன்னும் இரண்டு வாரத்துக்குச் சற்று மேல் பாக்கி. இந்த இரண்டு விஷயத்தைச் சொன்னாலே வகுப்பு நிமிர்ந்து உட்காரும். வியாழக்கிழமைக்கு வைத்த கல்யாணத்தை அப்பா சந்தோஷம் தாங்காமல் புதன்கிழமைக்கு மாற்றுகிற இடத்தில், "எங்க வீட்டுலயும் அப்பா இப்படித்தான் சார், அவசரம்" என்று ஒரு பெண் சொன்னாள்.

ஆனால் பேச்சு ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது. பாதிரியார் ரோமியோவுக்கு எழுதிய கடிதம் போய்ச் சேரவில்லை. கொண்டுபோன துறவியைக் கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் ஒரு வீட்டில் வைத்து அடைத்துவிட்டார்கள். கொரோனா பார்த்த பிள்ளைகளுக்கு அது சட்டென்று புரியும். புரிந்த உடனே வரும் கேள்வி: "போன் இருந்திருந்தா ரெண்டு பேரும் பிழைச்சிருப்பாங்கல்ல சார்?" பிழைத்திருப்பார்கள்தான். அதற்கு மேல் என்ன பேச? சாவு தற்செயலில் தொங்கிக்கொண்டிருந்தால் யார் பிழை என்ற விவாதம் ஓடாது.

இன்னொரு சிக்கலும் உண்டு, அதில் என் தப்பும் இருக்கிறது. முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் இந்த நாடகத்தை எடுத்தபோது, "உங்க வீட்டுல இப்படி நடந்தா?" என்று பொதுவாகக் கேட்டு வைத்தேன். நம் பக்கத்தில் இரண்டு வீட்டுக்கு ஆகாது என்றால் பெரும்பாலும் அது பகை அல்ல, சாதி. கேள்வி எங்கே போய் விழும் என்று யோசித்திருக்க வேண்டும். ஒரு பெண்ணின் அப்பா வந்து தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்தார். பாடத்தை மட்டும் பாருங்கள் என்று எனக்குச் சொல்லப்பட்டது. அந்தப் பெண் மறு வாரம் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பிறகுதான் நாடகத்தின் முதல் வரியை ஒழுங்காகப் படித்தேன். இரண்டு குடும்பமும் அந்தஸ்தில் சமம் என்றுதான் ஷேக்ஸ்பியர் ஆரம்பிக்கிறார். மேல் கீழ் இல்லாத பகை அது. அதை நம் ஊர்க் கதையாகச் சுருக்கினால் நாடகமும் கெடும், நம் ஊர் விஷயமும் சரியாகப் பேசப்படாது. பிள்ளைகள் மேல் ரொம்ப நம்பிக்கையும், பெற்றோரிடம் முன்கூட்டியே பேசிவைத்த பழக்கமும் இருந்தால் எடுக்கலாம். எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

ஈடிபஸ் மன்னன் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அரிஸ்டாட்டில் துன்பியலுக்கு எடுத்துக்காட்டாகத் திரும்பத் திரும்ப எடுப்பது அதைத்தான். கட்டுக்கோப்பில் அதை மிஞ்ச ஆளில்லை. நகரத்தில் நோய், கொலைகாரனைக் கண்டுபிடிக்கக் கிளம்பும் அரசன், தேடத் தேடத் தடம் தன் வாசலுக்கே வருவது என்று போலீஸ் கதை மாதிரி ஓடும். தாயை மணந்த கதையை 16 வயதுக் கூட்டத்தில் வைத்துக்கொண்டு முதல் 20 நிமிடச் சிரிப்பைக் கடப்பது பெரிய பாடு, ஆனால் கடந்துவிடலாம். அதைவிடப் பெரிய தடை வேறு. "எல்லாம் விதி சார்" என்று ஒருவன் சொல்லிவிட்டால் மற்ற 15 பேரும் தலையாட்டிவிட்டு வாட்ச்சைப் பார்க்கிறார்கள்.

அப்புறம் நம் வீட்டுச் சரக்கு, சிலம்பு. இதைக் கண்டிப்பாக எடுக்க வேண்டும் என்று என்னோடு சண்டை போட்ட தமிழாசிரியர்கள் உண்டு. நியாயம்தான். இந்த மண்ணில் கோவலன் அந்நியன் இல்லை. நகரத்தார் தங்கள் பூர்வீகம் காவிரிப்பூம்பட்டினம் என்று சொல்லும் மரபு உள்ளவர்கள். மாசாத்துவான் வீட்டுப் பிள்ளை மாதவியிடம் பொருளையெல்லாம் தொலைத்து, மனைவியின் கால் சிலம்பை முதலாக வைத்து மறுபடி கடை போட நினைப்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. சிலம்பு நாடகமா என்று கேட்பவர்களுக்கு: வடிவத்தில் அது காப்பியம். ஆனால் வழக்குரை காதையை நான்கு பேர் உட்கார்ந்து வாசித்தால் நாடகம் தானாக நடக்கும். வாயிற்காவலன், பாண்டியன், கண்ணகி, கோப்பெருந்தேவி. மொத்தம் நூறு வரிக்குள்.

அந்தக் காதையில் கேள்வி, பதில், சாட்சி, தீர்ப்பு எல்லாம் எவ்வளவு வேகம்! "கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று" என்கிறான் அரசன். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. எங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்று அவன் வாயாலேயே சொல்கிறான். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது, "யானோ அரசன் யானே கள்வன்" என்று சொல்லி விழுகிறான். போன வருடம் பாண்டியனை வாசித்த பையன் அந்த வரிக்கு வந்ததும் குரல் கம்மி நிறுத்திவிட்டான். வகுப்பும் அசையவில்லை.

ஆனால் விவாதம்? கண்ணகி பக்கம் எல்லோரும், அரசன் பக்கம் யாருமில்லை, அரசனே அரசன் பக்கம் இல்லை. அவனே தீர்ப்பும் சொல்லித் தண்டனையும் வாங்கிக்கொண்ட பிறகு நாம் என்ன சொல்ல? கொஞ்சம் தோண்டினால் கிடைப்பது அவன் முன்னால் கொலைக்களக் காதையில் போட்ட உத்தரவுதான். "கன்றிய கள்வன் கையது ஆகில் கொன்று அச்சிலம்பு கொணர்க". சிலம்பு கையில் இருந்தால் போதும், அவன்தான் திருடன். பொருள் கையில் இருப்பதே திருட்டுக்குச் சாட்சி ஆகிவிடுமா என்று கேட்டால் பேச்சு சூடு பிடிக்கும். அதுவும் ஒரு வகுப்புக்குத்தான் வரும். பத்து வாரம் ஓட்ட முடியாது. பாடப்புத்தகத்தில் துண்டு துண்டாகப் படித்து, பொருள் எழுதி, மனப்பாடம் செய்த களைப்பும் பிள்ளைகளிடம் இருக்கிறது.

நான்காவது அரிச்சந்திரன். இங்கே திருவிழாக்களில் ராத்திரி முழுக்க நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் மயான காண்டம் பார்க்காத குடும்பம் குறைவு. ஒரு நிலையான கம்பெனி இல்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று தனித்தனியாகப் பேசி வரவழைத்தவர்கள் மேடையில்தான் சந்திப்பார்கள், இருந்தும் விடிய விடிய இழுத்துவிடுவார்கள். சுடுகாட்டில் மகன் உடலைக் கிடத்திக்கொண்டு சந்திரமதி நிற்கிறாள். கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் வைக்காமல் எரிக்க விடமாட்டேன் என்கிறான் காவல்காரன். அந்தக் காவல்காரன் பிள்ளையின் அப்பன். என்னைக் கேட்டால் உலகத்துத் துன்பியல் காட்சிகளில் இது முன்வரிசை. எஜமானுக்குச் செய்த சத்தியமா, பெற்ற பிள்ளையா என்று ஒரே ஆளுக்குள் நடக்கிற சண்டை. ஆனால் கடைசியில் சிவன் வந்து எல்லோரையும் எழுப்பிவிடுகிறார். பிள்ளைகளுக்கு அது தெரியும். "கடைசில சரியாயிடும்" என்ற நினைப்போடு படிக்கும்போது, நடுவில் வரும் கேள்விகளுக்கு விலை குறைந்துவிடுகிறது. நான் அதை வகுப்பில் படிக்காமல், திருவிழாவில் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன்.

பிணத்தை வைத்துக்கொண்டு நடக்கும் அந்த வழக்கிலிருந்துதான் நான் ஐந்தாவது நாடகத்துக்கு வந்தேன். ஆன்டிகனி.

கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளிஸ் கி.மு. 441 வாக்கில் எழுதியது. ஈடிபஸின் பிள்ளைகள் கதை. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அரியணைச் சண்டை. ஒருவன் வெளியூர்ப் படையைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊர் மேலேயே வருகிறான். கோட்டை வாசலில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு இரண்டு பேரும் சாகிறார்கள். அடுத்து அரசனாகும் கிரியோன் உத்தரவு போடுகிறான்: ஊரைக் காத்தவனுக்கு மரியாதையோடு அடக்கம், ஊர் மேல் படையெடுத்தவன் நாய்க்கும் கழுகுக்கும். மீறினால் சாவு. தங்கை ஆன்டிகனி போய் ஒரு பிடி மண் தூவிவிட்டு வருகிறாள்.

கிரியோன் யார்? அம்மாவின் உடன்பிறந்தவன். தாய்மாமன். ஆன்டிகனிக்கு நிச்சயம் செய்திருப்பது அவன் மகன் ஹீமோனை. மாமன் மகன், முறை மாப்பிள்ளை! வேறு ஊர்களில் இதைப் புரியவைக்கப் பலகையில் குடும்ப மரம் வரைவார்களாம். இங்கே நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் ஒருத்தி, "தாய்மாமனே இப்படிப் பண்ணலாமா சார்?" என்றாள். அதற்கு எதிர் வரிசையிலிருந்து, "ஊர்மேல படை எடுத்துட்டு வந்தவனுக்கு மாலை போடணுமா?" என்று பதில் வந்தது. எனக்கு வேலையே இல்லை. வகுப்பு பிரிந்துவிட்டது.

மற்ற நாலிலும் இல்லாதது இதில் இது: கிரியோன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. போர் முடிந்த மறுநாள். ஊருக்கு ஒரு சட்டம் வேண்டும். தன் வீட்டுப் பெண் என்பதற்காக விட்டால் நாளைக்கு யார் மதிப்பார்கள்? அவன் கெட்டவன் இல்லை, பிடிவாதக்காரன். ஆன்டிகனி நல்லவள்தான், அவளும் பிடிவாதக்காரி. முதலில் பயந்து ஒதுங்கிய உடன்பிறந்தவள் இஸ்மினி பிற்பாடு "நானும் கூடச் செய்தேன்" என்று சாவில் பங்கு கேட்டு வரும்போது, "உனக்கு இதில் பங்கில்லை" என்று தள்ளிவிடுகிறாள். சாகப்போகும் நேரத்தில் இன்னொன்று சொல்கிறாள்: கணவனுக்காகவோ பிள்ளைக்காகவோ இதைச் செய்திருக்க மாட்டேன், அவர்கள் போனால் வேறு கிடைக்கும், தாய் தகப்பன் போன பிறகு இன்னொரு உடன்பிறப்பு எங்கே கிடைக்கும்? இந்தப் பேச்சைப் படித்த அன்று பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள், பஸ்ஸைத் தவறவிட்டார்கள்.

படிக்கவும் நம் பிள்ளைகளுக்குக் கைவசம் சாவி இருக்கிறது. கிரேக்க நாடகத்தில் வரிக்கு வரி மோதும் இடங்களைப் பார்த்ததும், "இது வள்ளி திருமணத்துல வர்ற தர்க்கம்" என்றான் ஒருவன். நாரதரும் வள்ளியும் மணிக்கணக்காகப் போடுவது. ஹீமோன் அப்பாவிடம் வந்து, வெள்ளத்தில் வளையும் மரம் கிளையைக் காப்பாற்றிக்கொள்ளும், விறைத்து நிற்பது வேரோடு போகும் என்று மெதுவாகத் தொடங்கி, கடைசியில் ஒரே ஆளுக்குச் சொந்தமான ஊர் ஊரே இல்லை என்று முடிக்கும் காட்சி முழுக்கத் தர்க்கம்தான். பிணத்துக்கு மண் போட்ட சேதியைச் சொல்ல வரும் காவலாளி, வரவா திரும்பிப் போகவா என்று வழியெல்லாம் நின்று நின்று வந்த கதையைச் சொல்கிறான். அவனை பபூன் குரலில் வாசிக்கச் சொன்னேன், அப்படியே பொருந்தியது. சிரித்து முடித்த பிறகு, அவன் ஏன் பயந்தான் என்று கேட்டேன். தொல்காப்பியம் அச்சத்துக்கு நான்கு காரணம் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. கடைசியில் இருக்கும் "தம் இறை" அந்தக் காவலாளிக்கும் இஸ்மினிக்கும் எழுதியது போல இருக்கிறது. பரிவும் அச்சமும்தான் துன்பியலின் வேலை என்ற அரிஸ்டாட்டிலின் பேச்சைத் தனியாக நடத்த வேண்டிய அவசியம் வரவில்லை.

முடிவு தெரிந்தால் சுவாரசியம் போய்விடாதா என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். வள்ளி யாரைக் கட்டிக்கொள்வாள் என்று தெரியாமலா விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம்? முதல் வாரமே முழுக் கதையும் சொல்லிவிடுகிறேன். ஆன்டிகனி குகைக்குள் தூக்கிட்டுக்கொள்வாள், ஹீமோன் வாளில் பாய்வான், சேதி கேட்டு அவன் அம்மாவும் உயிரை விடுவாள், கிரியோன் மட்டும் உயிரோடு மிஞ்சுவான். அதற்குப் பிறகு பிள்ளைகள் "என்ன நடக்கும்" என்று பார்ப்பதில்லை, "எங்கே நிறுத்தியிருக்கலாம்" என்று பார்க்கிறார்கள்.

அதையே வேலையாகவும் கொடுக்கிறேன். ஆளுக்கு ஒரு பென்சில். இதற்கு மேல் திரும்ப வழியில்லை என்று தோன்றும் வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு. முதல் காட்சியிலேயே சிலர் கோடு போட்டுவிட்டார்கள். ஹீமோன் கோபித்துக்கொண்டு போகும் இடத்தில் நிறையப் பேர். ஒரே ஒருத்தி, யாரும் கவனிக்காத இடத்தில் போட்டிருந்தாள். குருட்டு ஞானி டைரீசியஸ் எச்சரித்த பிறகு கிரியோன் மனம் மாறுகிறான். என்ன செய்யட்டும் என்று கேட்கிறான். பெண்ணை முதலில் விடுவி, பிறகு பிணத்தை அடக்கு என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். அவன் போய் முதலில் பிணத்தை அடக்குகிறான். பிறகு குகைக்குப் போகிறான். நேரமாகிவிட்டது. "அவரு வரிசைய மாத்திட்டாரு சார்" என்றாள். துன்பியல் நாயகனின் பிழை என்று நாம் சொல்லும் 'ஹமார்ஷியா' என்ற கிரேக்கச் சொல்லுக்குக் குறி தவறுதல் என்றும் பொருள் உண்டு. அம்பு எய்தவன் எய்தான், தள்ளி விழுந்தது. இதை நான் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்த அன்றுதான் எனக்கே பிடிபட்டது.

இன்னொருவர் பேசியதையும் சொல்ல வேண்டும். ஆச்சி எப்போதும் வளவு வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே கேட்பார். அன்றைக்கு, அடக்கம் செய்யாத உடல் என்ற பேச்சு வந்தபோது கை நின்றது.

"எங்க ஐயாவோட தம்பி பர்மாவுல இருந்தாக தம்பி. சப்பான்காரன் குண்டு போட்டப்ப நடந்தே வந்தாக. வழியில போயிட்டாக. எங்க அடக்குனாக, யாரு அடக்குனாகன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அப்பத்தா சாகுற வரைக்கும் அவுகளுக்கு ஒரு இலை போட்டுக்கிட்டே இருந்தாக."

1942இல் பர்மாவை விட்டு நடந்தவர்களின் கதை இந்த ஊர்களில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஆச்சி ஆன்டிகனியைப் பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ, "மண்ணப் போட்டது சரி. கூடப் பொறந்தவ கூட வாரேங்குறா, அவள ஏன் அப்படித் தள்ளிவிட்டுச்சு அந்தப் பொண்ணு? இருக்குறவுகளும் வேணும்ல?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். இஸ்மினி பக்கம் ஒருவர்கூட இல்லாத வகுப்பில் அன்று நாலு பேர் கட்சி மாறினார்கள்.

எப்படி நடத்துவது என்பதிலும் தேர்வு இருக்கிறது, ஆனால் அது சுலபம். வீட்டில் படித்துவிட்டு வரச் சொன்னால் பாதிப் பேர் வர மாட்டார்கள். மேடையேற்றலாம் என்று ஒருமுறை இறங்கி, கிரீடத்துக்கு ஜிகினா பேப்பர் வாங்குவதிலேயே இரண்டு சனிக்கிழமை போயிற்று. உட்கார்ந்த இடத்தில் சத்தமாக வாசிப்பதுதான் எனக்கு ஒத்துவருகிறது. சோஃபக்ளிஸ் காலத்தில் மூன்றே நடிகர்கள் முகமூடி மாற்றி மாற்றி எல்லாப் பாத்திரத்தையும் தாங்கினார்கள், நாங்களும் மூன்று மூன்று பேராக வாசிக்கிறோம், மற்றவர்கள் ஊர்ப் பெரியவர்கள். கிட்டத்தட்ட 1350 வரி நாடகம். அதில் ஐந்து காட்சியை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதி ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன், நடுவில் வருவதைச் சொல்லிவிடுவேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இது சா. கணேசன் 1939இல் கம்பன் கழகம் தொடங்கிய ஊரின் பக்கம். பட்டிமண்டபம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். இரண்டு அணி, நடுவர், தீர்ப்பு என்று தானாகவே உட்கார்ந்துவிடுவார்கள். கைதட்டல் வாங்கும் பேச்சு வரும், நாடகத்து வரி ஒன்றுகூட வராது. அதனால் எங்கள் வகுப்பில் நடுவர் இல்லை. எதைச் சொன்னாலும் எந்த வரி என்று காட்ட வேண்டும். எதிர்க்கட்சியின் வாதத்தை அவர்கள் ஒப்புக்கொள்ளும்படி ஒருமுறை சொல்லிக் காட்டிய பிறகுதான் நம் வாதம்.

ஆக இந்த வருடத்துக்கு நான் முடிவு செய்திருப்பது: ஏழு வாரம் ஆன்டிகனி, கடைசி மூன்று வாரம் வழக்குரை காதை. தனியாக நின்றபோது சீக்கிரம் தீர்ந்துபோன சிலம்பு, கிரியோனைப் பார்த்துவிட்டு வந்தால் தீராது. ஒரு மாணிக்கப் பரல் தெறித்த உடனே உட்கார்ந்த இடத்தில் உயிர்விட்ட பாண்டியன். மகன் சொல்லி, ஞானி சொல்லி, ஊர் சொல்லிக் கேட்டு, கேட்டதையும் முன்பின்னாகச் செய்து, எல்லோரும் போன பிறகு உயிரோடு நிற்கிற கிரியோன். யாருக்குத் தண்டனை பெரிது என்று அவர்கள் அடித்துக்கொள்ளட்டும்.

நடுவில் காலாண்டுப் பரீட்சை வரும், ஒரு வாரம் விட வேண்டியிருக்கும். ஜெராக்ஸ் தயார். பென்சில் இரண்டு டஜன் வாங்கியாயிற்று. ஆன்டிகனிக்கு மூன்று பேரும் காவலாளிக்கு ஐந்து பேரும் இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்கள். கிரியோனுக்குத்தான் இன்னும் யாரும் கை தூக்கவில்லை. முதல் வாரம் நானே வாசிக்கலாம் என்றிருக்கிறேன்.